நோவு சொல்ல வந்தவர்கள்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? அடுத்தவர்களின் வலியை இங்கிலீஷில் சொல்லும் வேலை. இன்றைக்குச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னமும் அந்த நாளை நினைத்தால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. மீமிசலுக்குப் பக்கத்தில் கடலோரமாக, பினாங்கில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு வியாபாரி பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்கள் ஆண் டாக்டரிடம் போக மாட்டார்கள். பெண் டாக்டர்களோ, அந்த மணல் காட்டுக்கு யார் வருவது என்றார்கள். மெட்ராஸில் தேடிச் சலித்து, கடைசியில் பம்பாயிலிருந்து ஒரு டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவருக்கு மராத்தி தெரியும், இங்கிலீஷ் தெரியும், இந்துஸ்தானியும் தெரியும். முஸ்லிம் ஊர்தானே, இந்துஸ்தானியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நம்பி ரயிலேறியிருக்கிறார். வந்து இறங்கினால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிலிருந்து மீன் கூடைக்காரி வரை எல்லோருக்கும் தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது. ஆரம்பத்தில் கையைக் காலை ஆட்டியே வைத்தியம் பார்த்தாராம்.

இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்ற சேதி கீரமங்கலத்தில் தேங்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்த எங்கள் அப்பா காதுக்கு வந்தது. அம்மா, வயசுப் பெண்ணைக் கடற்கரைக்கு அனுப்புவதாவது என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நானும் எதிர்ப்பக்கம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். நான்தான் ஜெயித்தேன்.

டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, உனக்குப் பல்வலி என்று வைத்துக்கொள், அதை எனக்குச் சொல் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஐ ஹேவ் பெயின்” என்றேன். எப்படிப்பட்ட பெயின் என்று கேட்டார். யோசித்துவிட்டு, “வெரி பெயின்” என்றேன். பள்ளிக்கூடத்தில் பசுமாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்; பல் வலித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். போட்டிக்கு வேறு யாரும் இல்லாததால் வேலை எனக்கே வந்தது.

அடுத்த நாளே பாடம் ஆரம்பமாகிவிட்டது. ஹேர்பின்னால் என் முழங்கையில் ஒரு குத்து, அது ப்ரிக்கிங். கத்தியால் குத்துவது போல் ஆழமாக இறங்கினால் ஸ்டாபிங். நெருப்புப் பட்டதுபோல் இருந்தால் பர்னிங். ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்துக்குப் பாய்ந்தால் ஷூட்டிங். எலி கொறிப்பது போல் விடாமல் உள்ளே அரித்தால் நாயிங். வயிற்றைப் பிசைந்து பிசைந்து விட்டால் காலிக். சுருக்கென்று வந்து சுருக்கென்று போனால் ட்வின்ஜ். என்னைத் தரையில் காலை மடக்கி உட்காரவைத்து, கால் மரத்துப்போகும் வரை எழவே விடவில்லை. எழுந்து நொண்டியபோது அதற்குப் பெயர் பின்ஸ் அண்ட் நீடில்ஸ் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். நமக்கு எறும்பு ஊர்கிற இடத்தில் வெள்ளைக்காரனுக்கு ஊசி குத்துகிறது.

சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆளா நான்? பதிலுக்கு நானும் கொடுத்தேன். குத்துது, குடையுது, கடுக்குது, பிசையுது, பிரட்டுது, இழுக்குது, சுள்ளென்று இருக்கு, சுரீர்னு வந்துச்சு, விண் விண்ணுனு தெறிக்குது. விண் விண்ணுக்கு த்ராபிங் சரியாகப் பொருந்தியபோது இரண்டு பேரும் கைதட்டினோம். ‘பல் கூசுது’ என்பதற்குத்தான் அவர் திணறிப்போனார். பல்லை விளிம்பில் நிறுத்துவது என்று இங்கிலீஷில் ஏதோ சொல்வார்களாம். பல்லை எதற்கு விளிம்பில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், விழுந்துவிடாதா என்று கேட்டேன். 

எனக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. லீவுக்கு வீட்டுக்குப் போனேன். மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் ஓடிப்போய், பிடிப்பா, குத்தலா, கடுப்பா, கீழே காலுக்கு இறங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். “என் இடுப்பு ஒனக்கு வெளையாட்டாப் போச்சா” என்று கையில் இருந்த மாவோடு என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அது ஸ்டிங்கிங் என்று எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்குக் கொடுத்த அறையில் ஒருநாள் தேள் கொட்டியது. உயிர் போகிற வலி. ஆனாலும் அந்த வலிக்கு நடுவிலேயே மனசு ஒருபக்கம் குதிக்கிறது, இதெல்லாம் யாருக்குக் கிடைக்கும் என்று. “பர்னிங், பர்னிங்” என்று கத்தினேன். வலி தொடைக்கு ஏறியதும் “இப்ப ஷூட்டிங்” என்று கத்தினேன். ஆஸ்பத்திரி ஆயா எனக்கு ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைத்து ஓதித் தண்ணீர் தெளித்தாள். டாக்டரம்மா ஊசியோடு வந்து, அப்புறம் அந்த ஊசியையும் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

வார்த்தை பிடிபட்டது. டாக்டரம்மாவுக்குப் பிடிபடாதது வேறொன்று.

அந்த ஊர்ப்பக்கம் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவது குறைவு. வீட்டுப் பெண்களில் வாய் உள்ள ஒருத்தி கூண்டு வண்டியில் வருவாள். வீட்டில் படுத்திருப்பவளின் நோவைச் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போவாள். ‘நோவு சொல்ல வந்திருக்கேன்’ என்றுதான் உள்ளே நுழையும்போதே சொல்வார்கள். எங்கே வலிக்கிறதாம் என்று டாக்டரம்மா கேட்டால் வந்தவள் எழுந்து போய்க் கதவு நிலையைத் தொட்டுக் காட்டுவாள். இன்னொருத்தி மேசைக் காலைத் தடவிக் காட்டுவாள். டாக்டரம்மா, இவர்களுக்குக் கதவு வலிக்கிறதா, மேசை வலிக்கிறதா என்று இங்கிலீஷில் என்னிடம் முணுமுணுப்பார்.

விஷயம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். அடுத்தவருக்கு வந்த வலியைத் தன் உடம்பில் வைத்துக் காட்டக் கூடாது. காட்டினால் அந்த வலி காட்டியவருக்கு வந்துவிடும். தவறிப்போய்க் கை பட்டுவிட்டால் உடனே அந்த இடத்தைத் தட்டி உதறிவிடுவார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசமே இதில் கிடையாது. டாக்டரம்மாவுக்கு இதை விளக்கியதும், உடம்பு படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். அதில் தோலை உரித்து உள்ளே இருப்பதையெல்லாம் காட்டியிருந்தார்கள். பார்த்த பெண்கள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை. பழைய படுக்கை விரிப்பை வெட்டி, கை கால் தலையோடு ஒரு பொம்மை தைத்து, இலவம்பஞ்சை அடைத்தேன். ஏறக்குறைய ஒரு குழந்தை அளவு இருக்கும். முகத்துக்குக் கண்ணும் மூக்கும் தைக்கப் போனபோது ஆயா தடுத்தாள். உருவம் வைத்தால் சில வீட்டுப் பெண்கள் தொட மாட்டார்கள், மொட்டையாகவே இருக்கட்டும் என்றாள். அதுவும் சரிதான். முகமில்லாத அந்தப் பஞ்சுப் பொம்மை மேசைமேல் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கதவுக்கு வலி நின்றது. வந்தவர்கள் பொம்மையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, இங்கே, இங்கே என்று விலாவாரியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். மாமியாருக்கு இடுப்பு நோவு என்று சொல்ல வந்த ஒரு மருமகள் பொம்மையின் இடுப்பில் கொஞ்சம் பலமாகவே குத்தினாள். நான் பார்த்தும் பாராதது போல் இருந்துகொண்டேன்.

முதலில் சொன்னேனே, அந்த நாள். காலை நேரம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கடலோரத்தில் தோணி வைத்து வியாபாரம் செய்யும் ஒரு பெரிய வீட்டிலிருந்து கூண்டு வண்டி வந்தது. இறங்கியவள் அந்த வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை. கல்யாணமாகி வருஷம் திரும்பாத புதுப்பெண். விடிந்ததும் பாய் சுருட்டக் குனிந்தவளுக்கு அடிவயிற்றில் சுரீர் என்று ஒரு வலி வந்ததாம். பாயைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டதாம்.

“இப்ப ஒண்ணுமில்லங்க. வாயுவாத்தான் இருக்கும். மாத்திர கொடுங்க, வாங்கிட்டுப் போறேன்” என்றாள்.

பொம்மையின் அடிவயிற்றில் வலது ஓரம் விரலை வைத்துக் காட்டினாள். நான் வரிசையாக இங்கிலீஷில் சொன்னேன். டாக்டரம்மா தலையை ஆட்டியபடியே மாத்திரை ஜாடியைத் திறந்தார். வந்தவள் பொம்மையை மேசையில் வைக்கப் போனாள். வைக்கும்போது போகிற போக்கில் அதன் வலது தோளை இரண்டு விரலால் அழுத்திவிட்டு, இங்கிட்டும் ஏதோ குத்துதாம், தலகாணி சரியில்ல போல என்று சிரித்தாள். மருந்து கேட்பதற்காகச் சொல்லவில்லை. பேச்சுக்குச் சொன்னதுதான்.

அதையும் நான் இங்கிலீஷில் சொன்னேன். தலையணை உட்பட. பழக்க தோஷம்; வாயில் வந்தது எதையும் விட்டுவிட எனக்கு மனசு வராது.

டாக்டரம்மாவின் கை ஜாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. தோளா என்று திருப்பிக் கேட்டார். எந்தத் தோள், எப்போதிலிருந்து, படுத்தால் அதிகமாகிறதா? நான் கேட்டேன். படுத்தால் அதிகம், உட்கார்ந்தால் குறைவு என்றாள் வந்தவள். இந்த மாசம் குளித்தாளா என்று கேள் என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை, நாள் தள்ளிப்போயிருக்கு, கண்ணுபடும்னு வெளியில சொல்லலை என்றாள்.

அவ்வளவுதான். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரி கார் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான், அவனைக் கூப்பிட ஆயா ஓடினாள். வழியெல்லாம் காரில் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். கரு தங்க வேண்டிய இடத்தில் தங்காமல் பக்கத்துக் குழாயில் தங்கிவிட்டது, குழாய் வெடித்திருக்கிறது, உள்ளே ரத்தம் கொட்டுகிறது, அது மேலேறி நெஞ்சுக்கூட்டின் அடியைத் தொட்டால் தோள் வலிக்கும். வயிற்றில் வெடித்தது தோளில் பேசுகிறதா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிட, வண்டி இன்னும் வேகமாகப் போகாதா என்ற துடிப்புதான் அதிகம். மணலில் சக்கரம் புதைந்தபோது நானும் இறங்கித் தள்ளினேன்.

வீட்டுக்குள் பெண்கள் புழங்கும் உள்ளறையின் ஒரு மூலையில் அவள் படுத்திருந்தாள். வெளுத்த வேட்டி போல் முகம். டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், வயிற்றில் கையை வைத்தார். எழுந்து என்னிடம், உடனே ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மத்தியானம் வரை தாங்காது என்றார்.

அதை நான் தமிழில் சொன்னேன். அந்தப் பெண்ணின் மாமியார் நல்ல உயரம், கையில் ஓதி உருட்டுகிற தஸ்பீக் மணி. கோபமெல்லாம் இல்லை அவரிடம். நியாயமாகத்தான் கேட்டார். காலையில் துடித்தாள், அப்போது வந்து அறுக்கணும் என்றால் அர்த்தம் இருக்கு. இப்போதுதான் நோவு நின்றுவிட்டதே, நோவு இல்லாத பிள்ளையை எதற்கு அறுக்க வேண்டும்? திரைக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த ஆண்களும் அதைத்தான் சொன்னார்கள். அவள் புருஷன் பினாங்குக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவரைக் கேட்காமல் முடியாது என்றார் ஒருவர்.

நான் அந்தப் பெண்ணிடம் குனிந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல” என்றாள். புதுப்பெண் மாமியார் முன்னால் தன் நோவைத் தானே வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அது அந்த வீட்டு மரியாதை. அவளுக்காகச் சொல்லத்தான் நாத்தி இருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தாலும் மரியாதையாகச் சாக வேண்டுமா? என் காதை அவள் வாயோடு வைத்துக்கொண்டு, காலையில் உள்ளே என்ன ஆச்சு, எனக்கு மட்டும் சொல் என்றேன்.

“பொட்டுனு அறுந்துச்சு அக்கா,” என்றாள், மூச்சுக்காற்றாக. “அறுந்ததுமே நோவு விட்டுருச்சு.”

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பளிச்சென்றது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று, வலி ஏன் நின்றது என்று அவர்களுக்குச் சொல், சொல் என்று என் முதுகில் தட்டுகிறார். அவர் சொல்கிற இங்கிலீஷ் எல்லாம் எனக்குப் புரிகிறது. இத்தனை நாளும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குத்தான் சுமந்துகொண்டு போனேன். திரும்பி வருகிற பாதையில் ஒரு சொல்கூட இல்லை. குழாய் என்றால் அவர்களுக்குத் தண்ணீர்க் குழாய். நான் திரையைப் பார்த்துத் திரும்பி நின்று, அந்தப்பக்கம் இருந்த தோணிக்காரர்களிடம் நேராகப் பேசினேன். அந்த வீட்டில் வேற்றுப்பெண் ஆண்களைப் பார்த்துச் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“நடுக்கடல்ல பாய்க்கயிறு இழுத்துப் புடிச்சு முறுக்கிக்கிட்டு நிக்கிதுங்க. திடீர்னு தொய்ஞ்சு போகுது. காத்து அடங்கிருச்சுன்னு படுத்துருவீங்களா, கயிறு அறுந்துருச்சான்னு பாப்பீங்களா? இந்தப் புள்ளைக்கு உள்ள அறுந்துருச்சுங்க. அதனாலதான் நோவு நின்னிருக்கு.”

 திரைக்கு அப்பால் ஒரு நாற்காலி நகர்ந்தது. மாமனார், ஒரு வார்த்தையில் வண்டிக் கதவைத் திறக்கச் சொன்னார். அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. மாமியாரே முன்னால் வந்து மருமகளின் தலைப்பக்கம் பிடித்தார். ஜமக்காளத்தோடு தூக்கிக் காரில் கிடத்தினோம். திரும்பும்போது வண்டி புதையவில்லை, வீட்டு ஆண்கள் மணல் தாண்டுகிற வரை கூடவே ஓடி வந்து தள்ளினார்கள்.

ஆபரேஷன் அறைக்குள் என்னை விடவில்லை. உள்ளே நடந்ததை நர்ஸ் பிறகு சொன்னாள். வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கி நின்றதாம். டாக்டரம்மா அதைக் கிண்ணத்தில் மொண்டு, துணியில் வடிகட்டி, அவள் ரத்தத்தையே அவளுக்குத் திருப்பி ஏற்றினாராம். வெளியில் பெஞ்சில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். மணி அவர் விரலில் உருண்டுகொண்டே இருந்தது. அவருடைய முழங்கால் நடுங்கி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொல் எதுவும் அந்த நடுக்கத்துக்கு ஆகவில்லை. நான் என் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். கதவு திறந்து டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும், இங்கிலீஷுக்கே அவசியமில்லாமல் போயிற்று. நான் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன், அவர் மேலெல்லாம் ரத்தம். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு எனக்கு என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட வரவில்லை. என் பிள்ளைகள் இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரவுண்டு வந்தார், பின்னால் நான். அந்தப் பெண் கண் விழித்திருந்தாள். மாமியார் கட்டில் பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. கேட்டேன். அந்தப் பெண் பழக்கத்தில் மாமியாரைப் பார்த்தாள். வாய், ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லத் தயாராகிவிட்டது.

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னையப் பாக்காத தாயி. என்னால சொல்ல முடியாது. அது ஒன் வகுறு. எங்க வலிக்கிது, எப்புடி வலிக்கிதுன்னு நீதான் சொல்லணும், சொல்லு.”

அவள் சொல்லத் தொடங்கினாள். தையல் போட்ட இடத்தில் எரிகிறது, இருமினால் கிழிகிற மாதிரி இருக்கிறது, இடுப்பு கடுக்கிறது, ஊசி போட்ட கை மதமதவென்று இருக்கிறது, தொண்டை வறண்டு குத்துகிறது. முதலில் மெதுவாகச் சொன்னாள், பிறகு சத்தமாகவே சொன்னாள், நடுவில் அழுதாள், நிறுத்தவில்லை. இங்கே, இங்கே என்று தன் உடம்பிலேயே கையை வைத்து வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் மறுபடி டம்ளரை எடுக்கவே இல்லை, கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன்.